தளபதிக்கு நான் சொல்லிக்கொடுத்த வெட்டு

புஜ்ஜி,

உன் பத்திரிகையிலிருந்து ஆட்கள் வந்திருந்தார்கள். நீ பத்து வருஷம் தொடர்கதை எழுதினாயே, அதே வாரப் பத்திரிகை. உன் நினைவாக ஒரு இதழ் போடுகிறார்களாம். "உங்க மகனைப் பத்தி நீங்களே எழுதுங்கம்மா. எப்படி வளர்ந்தார், எப்படி இவ்வளவு பெரிய சரித்திரக் கதை எழுத்தாளர் ஆனார், அதெல்லாம். பிழை இருந்தா நாங்க திருத்திக்கிறோம்" என்றாள் கண்ணாடி போட்ட ஒரு பெண். நல்ல பெண். எப்படிச் செத்தான் என்று மட்டும் அவள் கேட்கவில்லை. அதை விட்டுவிட்டு மற்றதை எழுத எனக்குத் தெரியவில்லை. நான் ஐந்தாவதோடு நின்றவள். எழுத்தைக் கூட்டிக் கூட்டித்தான் எழுதுகிறேன். ஊருக்கு எழுதச் சொன்னார்கள், ஊரோடு எனக்குப் பேச வராது. உன்னோடு வரும். அதனால் உனக்கே எழுதுகிறேன், மற்றவர்கள் கூட நின்று படித்துக்கொள்ளட்டும்.

முந்தாநாள் நான் கோர்ட்டில் கூண்டு ஏறினேன். உன்னைக் கொன்ற தேவராஜுக்கு எதிராகச் சாட்சி சொல்ல. முப்பத்தோரு வருஷத்துக்கு முன்னால், உனக்கு ஏழு வயதாக இருந்தபோது, உன் அப்பாவைக் கொன்றவனும் அதே தேவராஜ்தான். அன்றைக்கும் நான் கூண்டு ஏறினேன். பைபிள்மேல் கை வைத்து, நான் எதையும் பார்க்கவில்லை என்று சொன்னேன். அந்தப் பொய்யைச் சொன்ன வாயாலேயே இந்த முறை உண்மையைச் சொல்ல வேண்டியிருந்தது. அன்று பொய் சொன்னேன் என்று ஒத்துக்கொண்டால்தான் இன்று சொல்வது நிற்கும் என்று அரசு வக்கீல் சொன்னார். ஒத்துக்கொண்டேன். ஏன் பொய் சொன்னேன் என்பதையும் சொல்ல வேண்டிவந்தது. அதை எழுதத்தான் இந்தக் கடிதம்.

முதலில் உன் அப்பாவைப் பற்றி நான் உனக்குச் சொன்னதெல்லாம் பொய், அதைத் தெரிந்துகொள். சாமி மாதிரி மனுஷன், கடலுக்குப் போய்விட்டு வந்தால் உன்னைத் தோளில் தூக்கிக்கொண்டு காசிமேடு முழுக்கச் சுற்றுவார் என்று சொல்லியிருக்கிறேன். தோளில் தூக்கியது நிஜம். விசைப்படகில் அவர் நல்ல டிரைவர் என்பதும் நிஜம். கரைக்கு வந்த ஒவ்வொரு முறையும் என்னை அடித்தார், அதைச் சொல்லவில்லை. குடித்துவிட்டு அடித்தார் என்றால்கூட ஒரு காரணம் இருக்கும். குடிக்காமலும் அடித்தார். என் இடது காது படகில் வழுக்கி விழுந்ததால் போனது என்று உனக்குச் சொன்னேன் அல்லவா? படகுக் கயிற்றின் முனையில் இருக்கும் இரும்புக் கொக்கியால் அடித்ததில் போனது. நீ வயிற்றில் ஆறு மாதம். அந்தக் கொக்கியை அவரே கழுவி ஆணியில் மாட்டினார். செத்துப்போனவனைப் பற்றிப் பிள்ளையிடம் கெட்டதைச் சொல்லக்கூடாது என்று நினைத்தேன். அது தப்பு. உனக்கு நான் கட்டிக்கொடுத்த அப்பாவின் இடம் காலியாக, சுத்தமாக, பளபளப்பாக இருந்தது. அதில் வந்து உட்கார தேவராஜுக்கு வசதியாகப் போய்விட்டது.

தேவராஜ் உன் அப்பாவின் தோஸ்து. ஒரே படகில் வேலை. உனக்கு ஞானஸ்நானம் கொடுத்தபோது உன்னைக் கையில் ஏந்தி நின்ற ஞானத்தகப்பன் அவன்தான். மாதா கோயில் திருவிழாவில் தேர் இழுக்கிற அன்று, முன்வடத்தை யார் பிடிப்பது என்று இரண்டு பேருக்கும் வாய்ச்சண்டை. உன் அப்பா எல்லோர் எதிரிலும் அவனை அறைந்தார். ஒரே அறை. பேண்டு வாத்தியக்காரர்கள் அடிப்பதை நிறுத்திவிட்டார்கள். தேவராஜ் கன்னத்தைத் தடவிக்கொண்டு சிரித்தான். "இன்னா மச்சான், மாதா பாத்துகினு கீறாங்க" என்றான். அவ்வளவுதான். வடத்தை விட்டுவிட்டுப் பின்னால் போய் நின்றுகொண்டான். கூட்டத்தில் எல்லோரும் இவன்தான் பெரிய மனுஷன் என்றார்கள்.

மறுநாள் காலை ஏழு மணி இருக்கும். தூக்குவாளியில் டீ எடுத்துக்கொண்டு துறைமுகத்துக்குப் போனேன். ஐஸ் கம்பெனிச் சுவருக்குப் பின்னால் உடைந்த படகுகள் கிடக்குமே, அந்த வழி. வலைக் குவியலுக்கு இந்தப் பக்கம் நான். அந்தப் பக்கம் உன் அப்பா நடந்து போய்க்கொண்டிருந்தார், பின்னால் தேவராஜ். "மச்சான், நில்லு" என்றான். இவர் திரும்பவில்லை. தேவராஜ் கீழே விழுந்த எதையோ எடுக்கிற மாதிரி குனிந்தான். குனிந்தபடியே வெட்டினான், குதிகாலுக்கு மேலே. இழுத்துக் கட்டிய கயிறு அறுகிற மாதிரி ஒரு சத்தம். உன் அப்பா உடனே விழவில்லை. அந்தக் காலை எடுத்து ஒரு அடி வைக்கப் பார்த்தார், கால் வரவில்லை, அப்படியே உட்கார்ந்தார். முகத்தில் வலி இல்லை, ஆச்சரியம்தான் இருந்தது. அப்புறம் தேவராஜ் அவசரமே படாமல் செய்தான். தோளில் ஒன்று. தடுக்க வந்த கையில் இரண்டு. விரல்கள் மணலில் விழுந்தன. கடைசியில் தொடையின் உள்பக்கம். உன் அப்பா கெட்ட வார்த்தையில் திட்டிக்கொண்டே இருந்தார், திட்டு தேய்ந்து தேய்ந்து வெறும் காற்றாகிற வரைக்கும். எல்லாம் அடங்கிய பிறகு தேவராஜ் சுற்றிப் பார்த்தான். ஒரு செருப்பு படகுக்கு அடியில் கிடந்தது, ஒன்று ரத்தத்தில். இரண்டையும் எடுத்து உதறினான். கோயில் வாசலில் விடுகிற மாதிரி உன் அப்பாவின் தலைமாட்டில் ஜோடியாக வைத்தான். ஐஸ் தண்ணீர் ஓடுகிற வாய்க்காலில் கை கழுவிக்கொண்டு போனான்.

என் கையில் தூக்குவாளி அப்படியே இருந்தது. ஒரு சொட்டு சிந்தவில்லை.

அடக்கத்தன்று அவன்தான் பெட்டியின் முன்பக்கம் தூக்கினான். அவன் அழுததைப் பார்த்து ஊரே அழுதது. எட்டாம் நாள் வீட்டுக்கு வந்தான். நீ பள்ளிக்கூடம் போயிருந்தாய். வாசற்படியில் குந்திக்கொண்டு, தலையை ஒரு பக்கம் சாய்த்து, மெதுவாகப் பேசினான். "அண்ணி, அந்த வலைக்குப் பின்னாடி உன் பொடவ தெரிஞ்சுது. நீ இன்னாத்த பாத்த? ஒண்ணும் பாக்கல. சர்தானா?" பிறகு உன் பேச்சை எடுத்தான். "புள்ள கீறான். அவன நான் பாத்துக்கறேன். பாத்துக்கறேன்னா ரெண்டு விதமும்தான், பிர்தா?" எழுந்து போகும்போது என் காதைப் பார்த்தான். "உன்ன அடிச்ச கையி இனிமே எய்ந்துக்காது அண்ணி. உனக்கும் சேத்துதான் செஞ்சேன்" என்றான். அவனுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. அப்புறம் தேர்ச் சண்டையை வைத்துப் போலீஸ் அவனைப் பிடித்தது, பொய்க் கேஸ் என்றது ஊர். நான் கோர்ட்டுக்குப் போய், டீ கொண்டு போனபோது ஏற்கெனவே இறந்து கிடந்தார் என்று சொன்னேன். வேறு சாட்சி இல்லை. கேஸ் விழுந்தது.

அவன் சொன்னபடியே உன்னைப் பார்த்துக்கொண்டான். சாத்தாங்காட்டில் பழைய இரும்பு யார்டு வைத்தான், பெரிய ஆள் ஆனான். பழைய பேப்பரும் அந்த யார்டுக்கு மூட்டை மூட்டையாக வரும். நீ கோயிலில் முதல்முதலாக நற்கருணை அப்பம் வாங்கிப் புதுநன்மை எடுத்த அன்று எல்லோரும் வாட்ச், பேனா என்று கொண்டுவந்தார்கள். அவன் ஒரு கோணிப்பை நிறையப் புத்தகம் கொண்டுவந்தான். வாரப் பத்திரிகைகளில் வந்த ராஜா கதைகளை யாரோ கிழித்து, சேர்த்து, நூல் போட்டுத் தைத்து வைத்திருந்தார்கள். "படி புஜ்ஜி. கத்தி, குதுர, கப்பல், எல்லாம் கீது" என்றான். நீ கோணிக்குள் தலையை விட்டவன் மூன்று நாள் வெளியே வரவில்லை. பக்கங்கள் இல்லாத இடத்தில் நீயாகக் கதை கட்டி உன் நோட்டில் எழுதி ஒட்டினாய். நீ எழுத்தாளன் ஆனது அங்கேதான். இதை அந்தக் கண்ணாடிப் பெண்ணிடம் சொன்னால் அழகாகப் போடுவாள். உன்னை எழுத வைத்த கையும் உன் அப்பாவை வெட்டிய கையும் ஒன்று என்று சொன்னால் எந்தப் பக்கத்தில் போடுவாள்? அவனை நீ ஞானப்பா என்று கூப்பிட்டுக்கொண்டு ஓடுவாய். அவன் உன்னைத் தூக்குவான். நான் வேறு பக்கம் பார்த்துக்கொள்வேன். பிள்ளை பெற்ற எல்லோருக்கும் ஒன்று சொல்லலாம் என்றால் இதைச் சொல்வேன்: பிள்ளை யார் மடியில் உட்காருகிறான் என்று பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளாதீர்கள்.

நீ துறைமுகத்தில் கன்டெய்னர் எண்ணுகிற கிளார்க் வேலைக்குப் போனாய். எண்ணுகிற தாளின் பின்பக்கத்தில் கப்பல் சண்டை எழுதினாய். முதல் கதையை மூன்று பத்திரிகைகள் திருப்பி அனுப்பின. நான்காவது போட்டது. அப்புறம் தொடர்கதை, மாத நாவல், செல்போனில் வாசிக்கிற கதை, புத்தகக் கண்காட்சியில் வரிசையில் நின்று கையெழுத்து. தூத்துக்குடியிலிருந்து ஒரு மளிகைக்கடைக்காரர் உன்னைப் பார்க்கவே ரயிலேறி வந்து, நம் ஹவுசிங்போர்டு மாடிப்படியில் மூச்சு வாங்க நின்று, "இங்கதான் இருக்காங்களா?" என்று நம்ப முடியாமல் கேட்டார். மீன் மார்க்கெட்டில் எனக்குப் பக்கத்துக் கட்டையில் மீன் வெட்டுகிற செல்வி தினமும் வம்புக்கு இழுப்பாள். "இன்னாக்கா, உன் புள்ள ராஜா கதயா எய்துறானாமே, உன்ன ராணியா போட்டானா?" "போட்டான் போட்டான். வஞ்சரம் வெட்ற ராணி" என்பேன். "கிரீடத்துல செதில் ஒட்டிகினு இருக்குமே, கய்வுனியா?" என்பாள். மார்க்கெட்டே சிரிக்கும்.

ஆனால் உன் சண்டைக் காட்சிகளில் எனக்கும் பங்கு உண்டு என்பது யாருக்கும் தெரியாது. மத்தியானம் மூன்று மணிக்கு மார்க்கெட் முடிந்து வந்து, வீட்டுக்கென்று எடுத்துவைத்த மீனை நான் ஆய உட்காருவேன். நீ என் வலப்பக்கம் உட்கார்ந்து அந்த வாரத்து அத்தியாயத்தைப் படிப்பாய். "ஒரே வீச்சில் அவன் தலை உருண்டது" என்று படிப்பாய். "உருளாதுடா. சுறாவுக்கே உருளாது" என்பேன். "பின்ன?" "எலும்பு நேரா வெட்ட விடாது. கணு பாத்து எறக்கணும். எலும்புல மாட்னா கத்திய இழுக்க முடியாது, கால வெச்சு மெதிச்சுதான் எடுக்கணும்." நீ எழுதிக்கொள்வாய். வெட்டினதும் ரத்தம் வராது, முதலில் வெள்ளையாகத் தெரியும், ஒரு மூச்சு விட்டுத்தான் சிவக்கும் என்று நான் சொன்னதை ஒரு அத்தியாயம் முழுக்க வைத்தாய். போர்க்களத்தில் நின்றவர் மாதிரி எழுதுகிறார் என்று உனக்குக் கடிதம் கடிதமாக வந்தது. இருபத்தைந்து வருஷமாக மீன் வெட்டியவளுக்குத் தெரிந்ததுதான் அதெல்லாம் என்று நீ நினைத்தாய். மீனில் பார்த்தது பாதிதான்.

"கரிய பாய்மரம்" எழுத ஆரம்பித்தாய். அதில் வருகிற தளபதி கொற்றனைத் தமிழ்நாடே கொண்டாடியது. முதல் வாரம் படித்துக் காட்டும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. எதிரி பேசும்போது தலையை ஒரு பக்கம் சாய்த்துக் கேட்கிறான். கோபம் வந்தால் சிரிக்கிறான். சிரித்தால் இடது கண் சுருங்குகிறது. கொன்றுவிட்டு நிதானமாகக் கை கழுவுகிறான். தேவராஜேதான். அவனை வைத்துத்தான் எழுதுகிறேன் என்று நீயும் அவனிடம் சொல்லியிருந்தாய் போலிருக்கிறது. அவன் யார்டில் வியாழக்கிழமை பத்திரிகை வந்ததும் ஒரு பையனைச் சத்தமாகப் படிக்கச் சொல்லிக் கேட்பான் என்று நீயே பெருமையாகச் சொன்னாய். ஒன்றரை வருஷம், வாரா வாரம், என் புருஷனைக் கொன்றவன் குதிரையேறி வருவதை, ஊமைப் பெண்களைக் காப்பாற்றுவதை, என் பிள்ளையின் குரலில் நான் கேட்டேன். மீனை ஆய்ந்துகொண்டே கேட்டேன். சில நாள் முள்ளோடு சேர்த்து என் விரலையும் வெட்டிக்கொண்டேன். வயசாகிவிட்டது, கண்ணாடி போடம்மா என்றாய்.

அந்தத் திங்கட்கிழமை நீ படித்தது, கொற்றன் ஒரு ஒற்றனைக் கப்பல் தளத்தில் துரத்திப் பிடிக்கிற இடம். "தளபதி வாளை உயர்த்தினான். நெஞ்சுக்கு நேரே நின்று, வீரனுக்குரிய முறையில்..." என்று படித்தாய். நான் வஞ்சரத்தின் தலையை எடுத்துக்கொண்டிருந்தேன். வாய் தானாகத் திறந்தது.

"அவன் அப்டி வெட்டமாட்டான்" என்றேன்.

"ஏம்மா? என் தளபதிம்மா அவன், எனக்குத் தெரியாதா?" என்று சிரித்தாய்.

"நெஞ்சுக்கு நேரா நிக்கமாட்டான். பின்னாலருந்து வருவான். குனிஞ்சு குதிகால மொதல்ல வெட்டுவான். ஓட முடியாம பண்ட்டு, அப்பால நிதானமா செய்வான். செஞ்சு முடிச்சிட்டு செருப்ப எடுத்து ஜோடியா வெப்பான்."

எப்போதும்போல எழுதிக்கொள்ளப் போன உன் பேனா நின்றது. "எந்தக் கதையிலம்மா இது?" என்றாய். நீ என் முகத்தையே பார்த்தாய். உன் குரல் ஏழு வயதுக்குப் போய்விட்டது. "அப்பாவையா?" என்றாய். ஆமாம் என்றேன். "ஞானப்பாவா?" ஆமாம் என்றேன். "நீ பாத்தியா?" பார்த்தேன் என்றேன். நீ எழுந்து குழாயடிக்குப் போய் முகம் கழுவினாய். வெகுநேரம் கழுவினாய். திரும்பி வந்து உட்கார்ந்து, "அடுத்த புதன்கிழமை அத்தியாயம் அனுப்பணும்" என்று சொல்லிவிட்டு, எழுதியிருந்ததை எல்லாம் அடித்துவிட்டு முதலிலிருந்து எழுத ஆரம்பித்தாய். போலீசுக்குப் போகலாமா என்று கேட்டேன். "யார் நம்புவாங்க? கதையில முடிச்சுடறேம்மா" என்றாய். கதையில் முடிகிற விஷயமாடா அது?

அடுத்த வாரம் வியாழக்கிழமை பத்திரிகை வந்தது. தளபதி கொற்றன் தன் உயிர் நண்பனைப் பின்னாலிருந்து வந்து குதிகாலில் வெட்டினான். அந்த வெட்டோடு "தொடரும்" போட்டிருந்தாய். செருப்பை விட்டுவிட்டாயே என்றேன். "அது அடுத்த வாரத்துக்கும்மா. எல்லாத்தையும் ஒரே வாரத்துல கொடுத்துட்டா எவன் திரும்பி வந்து படிப்பான்?" என்றாய். தொழில் பழக்கம். அந்தப் பழக்கம்தான் பின்னால் கோர்ட்டில் நின்றது. அன்றைக்கு எனக்கு அது தெரியாது, உனக்கும் தெரியாது.

சனிக்கிழமை மத்தியானம் மூன்றரை மணிக்கு தேவராஜ் வந்தான். வெள்ளைச் சட்டை, கையில் ஒரு சீப்பு வாழைப்பழம். நீ எழுந்து, "வாங்க ஞானப்பா" என்று நாற்காலி போட்டாய். குரலில் ஒரு மாற்றமும் இல்லை. எனக்கே பயமாக இருந்தது.

"இன்னா புஜ்ஜி, நம்ம தளபதிய கவுத்துட்ட?" என்றான். "யார்டுல பசங்க ஓட்றானுங்க. இன்னாண்ணே, நம்மள மாதிரின்னு சொன்ன, இப்ப துரோகியா பூட்டானேன்றானுங்க. பேஜாரா பூச்சு."

"கத தான ஞானப்பா. திருப்பம் இருந்தாதான் படிப்பாங்க."

"அது சரி. அந்தக் குதிகாலு மேட்டரு சூப்பரு. எங்கருந்து புட்ச்ச?"

"எதுலயோ படிச்சேன்."

அவன் தலையைச் சாய்த்து உன்னைப் பார்த்தான். பிறகு மெதுவாக என் பக்கம் திரும்பினான். நான் கட்டையில் மீன் வெட்டிக்கொண்டிருந்தேன். வெட்டிக்கொண்டே இருந்திருக்க வேண்டும். என் கத்தி நின்றுவிட்டது. ஒரு நொடிதான். "அண்ணி நல்லா கத கேப்பாங்க போல" என்றான். இடது கண் சுருங்கியது. வாழைப்பழத்தில் ஒன்றை அவனே உரித்து உன் கையில் கொடுத்துவிட்டுப் போனான். நீ அதை வாயில் வைக்காமல் அவன் படியிறங்குகிற சத்தம் தேய்கிற வரைக்கும் பிடித்துக்கொண்டே நின்றாய். ஊருக்குப் போடா, தூத்துக்குடிக்காரர் வீட்டில் போய் இருடா என்று கெஞ்சினேன். "அடுத்த அத்தியாயம் கொடுத்துட்டுப் போறேம்மா" என்றாய். ஒரு வாரம் கதை வராவிட்டால் வாசகர்கள் மறந்துவிடுவார்கள் என்று பயந்தாய். அந்தப் பயம் இருந்தது உனக்கு, இவன்மேல் பயம் இல்லை. இவனை நீ முழுசாக வில்லனாகவே நினைக்கவில்லை. உன்னைத் தூக்கிய கை உன்மேல் விழாது என்று எங்கேயோ நம்பினாய். கதை எழுதுகிறவனுக்கு அந்த நம்பிக்கை இருக்கக்கூடாது புஜ்ஜி.

புதன்கிழமை காலை பத்தரை. மார்க்கெட்டில் நான் ஒரு கொடுவா மீனை வெட்டிக்கொண்டிருந்தேன். ரயில்வே லைன் ஓரத்துச் சந்தில் யாரையோ வெட்டிப் போட்டிருக்கிறார்கள் என்று ஒருவன் கத்திக்கொண்டு ஓடினான். அந்தச் சந்தின் மறுமுனையில்தான் நீ அத்தியாயத்தை அனுப்புகிற ஜெராக்ஸ் கடை. நான் யாரையும் கேட்கவில்லை. கையில் கத்தியோடு ஓடினேன். கூட்டம் என்னைப் பார்த்து விலகியது, கத்திக்குப் பயந்து. நீ குப்புறக் கிடந்தாய். வலது குதிகாலுக்கு மேலே திறந்து, உள்ளே வெள்ளையாக இருந்தது. கையில் தடுத்த வெட்டுகள். பிறகு முதுகு. பிறகு தொடை. உன் தோள்பை திறந்து, நீ எழுதிய தாள்கள் உனக்குக் கீழே ஊறிக் கிடந்தன. நான் உன்னைத் தொடுவதற்கு முன்னால் உன் தலைமாட்டைப் பார்த்தேன். உன் செருப்பு இரண்டும் ஜோடியாக, உதறி, சுத்தமாக.

நான் அலறவில்லை. எழுந்து சாத்தாங்காட்டுப் பக்கம் நடக்க ஆரம்பித்தேன். கத்தி கையிலேயே இருந்தது. அவன் கழுத்துக் கணு எங்கே இருக்கும் என்று எனக்குத் தெரியும். செல்வி பின்னாலேயே ஓடிவந்து இடுப்பைக் கட்டிக்கொண்டாள். உதறினேன், அவள் முழங்கையில் கீறிவிட்டது, அப்போதும் விடவில்லை. "கத்தி வாணாம்க்கா. இந்த வாட்டி வாய தொற. அவ்ளோதான் கேக்கறேன். வாய தொற" என்று என் நல்ல காதில் கத்தினாள். அவளுக்கு எப்போதிலிருந்து தெரியும் என்று நான் கேட்கவில்லை. நடுரோட்டில் உட்கார்ந்துவிட்டேன்.

முந்தாநாள் கோர்ட்டில் அவனுடைய வக்கீல் ரொம்ப மரியாதையாகக் கேட்டார். "பத்திரிகையில லட்சக்கணக்கான பேர் படிச்ச கதைம்மா. குதிகாலை வெட்டுறதை எவன் வேணும்னாலும் பார்த்துச் செஞ்சிருக்கலாம் இல்லையா?"

"செஞ்சிருக்கலாங்க. ஆனா செருப்பு கதையில வரல. அடுத்த வாரத்துக்குன்னு வெச்சிருந்தான். அந்தத் தாள் அவன் கீழதான் கெடந்துது. செருப்ப ஜோடியா வெக்கிறது எனக்குத் தெரியும், என் புள்ளைக்குத் தெரியும். மூணாவதா ஒருத்தனுக்குத்தான் தெரியும்."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"என் புருஷன் செருப்ப அப்டி வெச்சத பாத்தேன்."

வக்கீல் பழைய கேஸ் கட்டிலிருந்து ஒரு தாளை எடுத்தார். அதற்காகவே காத்திருந்த மாதிரி எடுத்தார். "பார்க்கலைன்னு சத்தியம் பண்ணியிருக்கீங்களே. அன்னைக்கு ஏம்மா சொல்லல?"

பயந்துவிட்டேன் என்று சொல்லுங்கள், அது போதும் என்று அரசு வக்கீல் எனக்குப் பலமுறை சொல்லியிருந்தார். சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "பயமும் இருந்துதுங்க" என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். "ஆனா அது பாதிதான். அவுரு வுழுந்தப்ப எனக்கு அழுக வரலிங்க. மூச்சு வந்துது. கல்யாணம் ஆனதுலருந்து அடைச்சுகினு இருந்த மூச்சு. இனிமே அடி இல்லன்னு நின்னேன். சந்தோஷமா நின்னேன். அத சொல்ல வெக்கமா இருந்துது, அதான் பாக்கவே இல்லன்னுட்டேன்."

அரசு வக்கீல் நெற்றியில் கை வைத்துக்கொண்டார். கூண்டில் நின்ற தேவராஜ் அன்றைக்கு முதல்முறையாகத் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தான். சிரிக்கவில்லை. "அப்ப அந்தக் கொலையில உங்களுக்குச் சந்தோஷம்" என்றார் வக்கீல். "ஆமாங்க" என்றேன். "அந்த ஒரு மூச்சுக்கு என் புள்ளைய வெலயா குடுத்திருக்கேன். எழுதிக்கோங்க." தட்டச்சு செய்கிற பெண் ஜட்ஜைப் பார்த்தாள். ஜட்ஜ் அப்படியே தட்டச்சு செய்யச் சொன்னார். தீர்ப்பு இன்னும் வரவில்லை. நான் சொன்னது கேசைத் தூக்கி நிறுத்துமா, கவிழ்க்குமா என்று தெரியாது. இனி சொல்வதற்கு என்னிடம் ஒன்றும் மிச்சமில்லை.

ஆனால் வெளியே வந்து பஸ்ஸுக்கு நிற்கும்போதுதான் நான் நாளை எண்ணிப் பார்த்தேன். நான் உனக்குச் சொன்ன திங்கட்கிழமைக்கும் அந்தப் புதன்கிழமைக்கும் நடுவில் பதினாறு நாள். பதினாறு நாளும் நீ என்னோடு உட்கார்ந்து சாப்பிட்டாய், உப்பு கம்மி என்றாய், எழுதியதைப் படித்துக் காட்டினாய். முன்பின் தெரியாத ஒரு கறுப்புக் கோட்டுக்காரர் பழைய தாளை எடுத்த உடனே கேட்டார் ஒரு கேள்வி. அதை நீ கேட்பாய் என்று நான் ஒவ்வொரு வேளையும் பதிலை வாயில் வைத்துக்கொண்டு காத்திருந்தேன். நீ கேட்டிருந்தால் இதே பதிலைத்தான் சொல்லியிருப்பேன், உன் அப்பாவின் கதையையும் சேர்த்துச் சொல்லியிருப்பேன். நீ என்னை வெறுத்திருக்கலாம், அடித்திருக்கலாம், வீட்டை விட்டுப் போயிருக்கலாம். போயிருந்தால் பிழைத்தும் இருக்கலாம். அன்னைக்கு ஏம்மா சொல்லல என்று நீ ஏன்டா என்னை ஒரு தடவைகூடக் கேட்கவில்லை?